எண்ணி அறிதலும் கேட்டு அறிதலும்

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியை அறிய விரும்பும் மாணவனுக்கு இரண்டு வகை ஏடுகள் கிடைக்கின்றன. ஒன்று, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கணக்கு. எத்தனை சிப்பம் துணி கப்பலேறிற்று, என்ன விலைக்கு வாங்கினார்கள், கிடங்கில் எவ்வளவு இருப்பு என்பன அதில் இருக்கும். மற்றொன்று, ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் ஆண்டு தொடங்கி, 1761-இல் தாம் மறையும் காலம் வரையில் எழுதிவந்த நாட்குறிப்பு. துணி வாங்கியவர் யார், விற்றவர் என்ன முறையிட்டார், துரை என்ன மறுமொழி சொன்னார், அங்காடியில் மக்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பனவற்றையெல்லாம் பிள்ளையவர்கள் தமக்கே உரிய பேச்சுத் தமிழில் எழுதி வைத்தார். கணக்கை மட்டும் படிப்பவனுக்கு ஊரின் கொள்ளளவு தெரியும். ஊரின் முகம் தெரியாது. நாட்குறிப்பை மட்டும் படிப்பவனோ, பிள்ளையவர்கள் எந்தத் தெருக்களில் நடக்கவில்லையோ அந்தத் தெருக்களை அறியவே மாட்டான்.

இவ்விரு வகை அறிவையும் இக்காலச் சமூக ஆராய்ச்சியாளர் அளவுசார் ஆய்வு என்றும் பண்புசார் ஆய்வு என்றும் பெயரிட்டு வழங்குகின்றனர். முன்னது எண்ணி அறிவது. பின்னது உடனிருந்து, பார்த்து, கேட்டு அறிவது. இவற்றுள் எது சிறந்தது என்ற வழக்குப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அந்த வழக்கை நூல்களில் படிப்பதைவிட ஒரு நிகழ்ச்சியில் வைத்துப் பார்ப்பது நன்று. அத்தகைய நிகழ்ச்சி புதுவையிலேயே இருக்கிறது. இணையம் என்னும் புதுப்பொருள் புதுவைக் கிராமங்களுக்கு வந்த வரலாறுதான் அது.

1998-ஆம் ஆண்டில், வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதன் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டுப் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் பொருளுதவியோடு, புதுவைச் சிற்றூர்களில் ஒரு சோதனையைத் தொடங்கிற்று. நகருக்கு மேற்கே உள்ள வில்லியனூரில் தலைமை நிலையம் அமைந்தது. அதைச் சுற்றி எம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம், நல்லவாடு முதலிய ஊர்களில் ஒன்றன்பின் ஒன்றாக அறிவு மையங்கள் தோன்றின. அறிவு மையம் என்றவுடன் பெரிய மாளிகை ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டா. ஓர் அறை, ஒரு கணிப்பொறி, ஓர் அறிவிப்புப் பலகை, அவ்வளவே. அறையும் மின்சாரமும் ஊராரின் பொறுப்பு. கருவிகள் நிறுவனத்தின் பொறுப்பு. மையத்தை நடத்தியவர்கள் அவ்வூர்த் தொண்டர்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

அந்நாளில் சிற்றூர்த் தொலைபேசிக் கம்பிகள் இணையத்தைச் சுமக்கும் நிலையில் இல்லை. ஆகவே வில்லியனூர் நிலையம் மட்டும் தொலைபேசி வழியாக இணையத்தோடு தொடர்பு கொள்ளும். அங்கே பணிபுரிந்தவர்கள் வேண்டிய செய்திகளைத் திரட்டி, ஆங்கிலத்தில் இருப்பவற்றைத் தமிழாக்கி, காவல்துறையினர் வைத்திருப்பது போன்ற இருவழி வானொலிக் கருவிகளின் வாயிலாகச் சிற்றூர்களுக்கு அனுப்புவர். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஆதலால் கதிரவன் ஒளியால் மின்சாரம் தரும் தகடுகளையும் பொருத்தியிருந்தார்கள். நெல் விலை, விதை கிடைக்குமிடம், அரசாங்க உதவித் திட்டங்கள், பள்ளித் தேர்வு முடிவு, மருத்துவர் வரும் நாள் என்று செய்திகள் வந்துகொண்டிருந்தன. அயல்நாட்டுச் செய்தியைவிட அடுத்த ஊர்ச் செய்தியே மிகுதியும் வேண்டப்பட்டது. இதை எண்ணி வியப்பதற்கு ஒன்றுமில்லை. நெல் விற்கப் போகிறவனுக்கு நியூயார்க் எதற்கு?

திட்டம் தொடங்கும்போதே இவ்வூர்களில் ஓர் ஆய்வு நடந்தது. மக்கள் தமக்கு வேண்டிய செய்தியை யாரிடமிருந்து பெறுகிறார்கள் என்பது கேள்வி. உள்ளூர்க் கடைக்காரர், சந்தை, உரமும் விதையும் விற்கும் வணிகர் என்பவையே விடையாக வந்தன. அரசு அலுவலகங்களை நாடியவர் மிகச் சிலர். இந்த விடையில் ஒரு பெரிய உண்மை அடங்கியுள்ளது. பூச்சி விழுந்த பயிருக்கு எந்த மருந்து அடிப்பது என்பதை அந்த மருந்தை விற்பவரே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வீடு கணிப்பொறி உண்டா என்று எண்ணியிருந்தால் 'இல்லை' என்ற ஒரே சொல்லோடு ஆய்வு முடிந்திருக்கும். கேள்வியைச் சற்று மாற்றிப் போட்டதால்தான் மையங்களில் என்ன செய்தி தேவை என்பது விளங்கிற்று.

எம்பலத்தில் மையம் அமைந்த இடம் ஒரு பழைய கோயிலைச் சார்ந்த அறை. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் இதழ் இவ்வூரைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டது. அக்கோயிலுக்கு இரண்டு வாயில்கள் இருந்ததை அக்கட்டுரை குறித்தது. வழிபாட்டிடத்துக்குச் செல்லும் வாயிலில் தாழ்த்தப்பட்டோருக்கும் மாதவிலக்குக் காலத்துப் பெண்களுக்கும் தடை உண்டு. கணிப்பொறி இருந்த அறைக்குச் செல்லும் வாயிலில் எவருக்கும் தடையில்லை. மையம் எல்லாச் சாதியாருக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும் என்பது நிறுவனம் விதித்திருந்த கட்டுப்பாடு.

இனி, நம் கேள்விக்கு வருவோம். 'யாவரும் வரலாம்' என்பது ஒரு விதி. யாவரும் வந்தார்களா என்பது வேறு செய்தி. அதை அறிவதற்கு வழி என்ன? ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், "எங்கள் ஊரில் வேற்றுமை கிடையாது" என்பார்கள். அப்படிச் சொல்லாத பெரியவரை நான் இன்னும் கண்டதில்லை. மையத்தில் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசினாலும் போதாது. வராதவர் அங்கே இரார் அல்லவா? இங்கேதான் வெறும் பதிவேடு பேசத் தொடங்குகிறது. வந்தவர் ஆணா பெண்ணா, எந்தத் தெருவினர், எதற்காக வந்தார் என்று நாள்தோறும் குறித்துவைத்தால், ஆறு மாதம் கழித்து ஏட்டைக் கூட்டிப் பார்க்கும்போது எந்தத் தெருவிலிருந்து ஆள் வரவில்லை என்பது தானே வெளிப்படும். வாய் மறைத்ததை எண் காட்டிக்கொடுத்துவிடும். அளவுசார் ஆய்வை உயிரற்றது, வறண்டது என்று பழிப்பவர்கள் இதனை மறந்துவிடுகின்றனர். பேசாதவரைப் பற்றிப் பேசுவதில் அதற்கு நிகர் வேறில்லை.

ஆனால் அந்தத் தெருவார் ஏன் வரவில்லை என்று ஏட்டைக் கேட்டால் ஏடு வாய் திறவாது. கூலி வேலை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் மையம் பூட்டிக் கிடக்கலாம். அறை இருக்கும் தெருவில் நடக்கவே அவர்கள் கூசலாம். அல்லது அவர்களுக்கு வேண்டிய செய்தி அங்கே இல்லாமலிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்குப் பூட்டுத் திறக்கும் நேரத்தை மாற்றவேண்டும்; இரண்டாவதற்கு அறையையே மாற்றவேண்டும்; மூன்றாவதற்குச் செய்தியை மாற்றவேண்டும். எது நோய் என்று தெரிய, ஒருவர் அந்தத் தெருவுக்கு நடந்து சென்று, திண்ணையில் அமர்ந்து, பொறுமையாகக் கேட்கத்தான் வேண்டும்.

நியூயார்க் டைம்ஸ் கட்டுரையில் ஒரு பசுவின் கதையும் வருகிறது. ஓர் ஏழைக் குடும்பத்தின் கறவைப் பசு, கன்று ஈன முடியாமல் நாட்கணக்கில் கதறிக்கொண்டிருந்தது. மையத்தின் வாயிலாகக் கால்நடை மருத்துவரைப் பற்றிய விவரம் தெரிந்து, அவர் வந்து பசுவைக் காப்பாற்றினார். மனத்தைத் தொடும் கதைதான். அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பசு என்ன என்பதை எந்தப் புள்ளிவிவரமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. ஆயினும் மாணவர்கள் இங்கே ஒரு வினாவை எழுப்பவேண்டும். எத்தனை பசுக்கள்? அவ்வாண்டு நோயுற்ற பசுக்கள் பத்தில் ஒன்றா, நூறில் ஒன்றா இவ்வாறு பிழைத்தது? ஒரு கதை உண்மையாயிருப்பது வேறு. அது ஊருக்கே பொதுவாயிருப்பது வேறு. கதை அழகாக அமைந்துவிட்டால் இந்த வேறுபாடு கண்ணுக்குப் படுவதில்லை. பொருளுதவி செய்பவர்களும் பத்திரிகையாளரும் கதையைத்தான் நினைவில் வைத்துக்கொள்கின்றனர்.

இதுவரை கூறியவற்றால் எண்ணும் முறையும் கேட்கும் முறையும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவதாகத் தோன்றும். சிக்கல் அதைவிட ஆழமானது. அதைக் காண அரியாங்குப்பத்தை அடுத்த வீராம்பட்டினத்துக்குச் செல்லவேண்டும். உரோமானியரோடு வாணிகம் நடந்த அரிக்கமேட்டுக்கு அருகில் உள்ள மீனவர் ஊர் அது.

வீராம்பட்டினத்தார் கேட்டது விலைவாசி அன்று, கடலின் நிலை. அமெரிக்கக் கடற்படை தன் இணையத்தளத்தில் உலகக் கடல்களின் அலை உயரத்தை முன்கூட்டியே கணித்து வெளியிட்டுவந்தது. வில்லியனூர் நிலையத்தார் அதிலிருந்து வங்கக் கடலின் இப்பகுதிக்கு உரிய கணிப்பை எடுத்துத் தமிழில் அனுப்புவர். மையத்தினர் அதனை ஒலிபெருக்கியில் ஊர் முழுவதும் கேட்கும்படி அறிவிப்பர். வலை பின்னுகிறவர்களும், கட்டுமரத்தைத் தள்ளுகிறவர்களும், மீன்கூடையோடு நிற்கும் பெண்களும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். அலை உயரம் மிகுதி என்றால் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று தமக்குள் பேசி முடிவு செய்துகொண்டார்கள்.

இப்பொழுது சொல்லுங்கள்: அன்று வீராம்பட்டினத்தில் இணையத்தைப் பயன்படுத்தியவர் எத்தனை பேர்? மையத்தின் கணிப்பொறி முன் அமர்ந்தவரை எண்ணினால் ஒருவர். செய்தியைக் கேட்டுத் தம் உயிரைப் பற்றி முடிவு செய்தவரை எண்ணினால் ஊரே. முன்னைய கணக்குப்படி அம்மையம் வீண் செலவு. பின்னைய கணக்குப்படி அதைவிடச் சிக்கனமான செலவு வேறில்லை. இரண்டும் எண்கள்தாம். எந்த எண்ணை எழுதுவது என்பதை எண் சொல்லாது. 'பயன்பாடு' என்ற சொல்லுக்கு அந்த ஊரில் என்ன பொருள் என்று தெரிந்த பிறகே எண்ணத் தொடங்கவேண்டும். அந்தப் பொருளோ கடற்கரையில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஒரு மையம் நீடிப்பதா மூடப்படுவதா என்பதை அலுவலகத்தில் இருக்கும் ஒருவர் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யும்போது, இது ஏட்டளவில் நிற்கும் சச்சரவாக இராது.

இத்தகைய குழப்பம் புதுவைக்கு மட்டும் உரியதன்று. கொழும்பு நகரில் லேர்ன்ஏசியா என்னும் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று உண்டு. ஆசிய நாடுகளில் ஏழை மக்கள் தொலைபேசியையும் இணையத்தையும் பயன்படுத்தும் முறையை அது ஆராய்ந்து வருகிறது. இந்தோனேசியாவில் அவர்கள் வினாப்பட்டியலோடு சென்றபோது, பலர் தாம் இணையத்தைப் பயன்படுத்துவதில்லை என்றே விடையளித்தனர். ஆனால் சிறு குழுக்களாக மக்களை உட்காரவைத்துப் பேசச் செய்தபோது, அத்தகைய மக்களே ஃபேஸ்புக்கில் தாம் செலவிடும் நேரத்தைப் பற்றி மகிழ்ச்சியோடு பேசினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஃபேஸ்புக் இணையத்தின் வழியாக வருவது என்பதே அவர்களுக்குத் தெரியாது. 2012-ஆம் ஆண்டளவில் இச்செய்தி வெளிவந்தபோது ஆய்வாளர் பலர் திடுக்கிட்டனர். பின்னர், 2015-இல், குவார்ட்ஸ் என்னும் இதழ் இதனை எண்ணியே பார்த்தது. ஃபேஸ்புக்கைப் பயன்படுத்துவதாகச் சொன்ன இந்தோனேசியருள் 11 விழுக்காட்டினர் இணையத்தைப் பயன்படுத்துவதில்லை என்றும் சொன்னார்கள். பேச்சிலே தென்பட்ட ஒரு பிழை எவ்வளவு பெரிது என்பதை எண்ணிக்கைதான் அளந்து காட்டிற்று. பேச்சு இல்லையேல் அப்படி ஒன்றை எண்ணவேண்டும் என்றே எவருக்கும் தோன்றியிராது.

புதுவையிலும் இன்று இதைக் காணலாம். இங்கே பல குடும்பங்களில் மகனோ பேத்தியோ பாரிசில் இருப்பார்கள். மாலை வேளையில் கைபேசித் திரையில் பேத்தியின் முகத்தைப் பார்த்துப் பேசும் பாட்டியை, "அம்மா, நீங்கள் இணையம் பயன்படுத்துவதுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்!" என்பார். கணக்கெடுப்பவர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

இந்திய நாட்டுப் பெருங்கணக்குகளையும் இந்நோக்கோடு படிக்கவேண்டும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இணையத்தோடு கூடிய கணிப்பொறி உள்ள குடும்பங்கள் நூற்றுக்கு 3.1 மட்டுமே. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆம் சுற்று 2017 முதல் 2018 வரையில் நடந்தபோது, இணைய வசதியுள்ள குடும்பங்கள் 23.8 விழுக்காடு, ஊர்ப்புறத்தில் 14.9, நகர்ப்புறத்தில் 42. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஏழாண்டில் எட்டு மடங்காயிற்று என்று எழுதிவிடக் கூடாது. முன்னது கணிப்பொறியோடு சேர்ந்த இணையத்தைக் கேட்டது. பின்னது குடும்பத்துக்குக் கிடைக்கும் எவ்வகை இணையத்தையும் கேட்டது. கேள்வி மாறியபின் விடைகளை ஒப்பிடுவது, படியால் அளந்த நெல்லையும் நிறுத்து வாங்கிய நெல்லையும் கூட்டுவது போன்றது. வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியோ இவ்விரண்டு கேள்விகளுள் எதிலும் அடங்காது. அது எந்த வீட்டிலும் இல்லையே!

இவ்வளவு குறை சொன்ன பின்னும், இத்தகைய கணக்குகள் இல்லாமல் நாம் குருடரே என்று சொல்வேன். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 'நீங்கள் எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்தியதுண்டா?' என்று ஆளுக்கு ஆள் தனித்தனியே கேட்டது. 15 முதல் 49 வயது வரை உள்ளோரில், ஆண்கள் 57.1 விழுக்காட்டினரும் பெண்கள் 33.3 விழுக்காட்டினரும் 'ஆம்' என்றனர். குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்ட கணக்குகளில் இந்த வேற்றுமை மறைந்தே கிடந்தது. கைபேசி வீட்டில் இருக்கிறது என்பதனால் வீட்டுப் பெண்ணின் கையில் இருக்கிறது என்று பொருளாகுமா? நாடு தழுவிய இந்த உண்மையை எத்தனை ஊர்த் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டாலும் இவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது.

ஏன் அவள் கையில் இல்லை என்பதற்கு விடை தேடினால், சென்னைக்கு அருகில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு துணைசெய்கிறது. இலண்டன் பல்கலைக் கல்லூரியைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் டேனியல் மில்லர் தலைமையில், உலகின் ஒன்பது இடங்களில் ஒரே காலத்தில் ஆய்வு நடந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஆய்வாளர் பதினைந்து மாதம் தங்கி மக்களோடு பழகினார். தமிழ்நாட்டுக்கு வந்தவர் ஸ்ரீராம் வெங்கட்ராமன். கணிப்பொறி நிறுவனங்களும் பழைய கிராமங்களும் அடுத்தடுத்து நிற்கும் ஓரிடத்தை அவர் தேர்ந்தெடுத்தார். மக்களின் அடையாளம் வெளிப்படாதிருக்க அவ்விடத்துக்குப் 'பஞ்சகிராமி' என்ற புனைபெயரைச் சூட்டினார். 2017-இல் அவர் நூல் வெளிவந்தது. புதிய ஊடகம் மக்களைப் பழைய வட்டங்களிலிருந்து விடுவித்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அந்நூல் ஏமாற்றமாக இருக்கும். உறவுமுறையும் சாதியும் வகுப்பும் வகுத்த வட்டங்களே பெரிதும் கைபேசிக்குள்ளும் தொடர்ந்தன. எளிய குடும்பங்களில் இளம்பெண்கள் கைபேசி வைத்திருப்பதை வீட்டு ஆண்கள் கட்டுப்படுத்தினர். இதை ஒருநாள் வந்துபோகும் கணக்கெடுப்பாளரிடம் யார் சொல்வார்கள்? பதினைந்து மாதம் பழகியவரிடம் சொல்வார்கள். இன்னொன்றையும் குறிக்கவேண்டும். பழகி அறிவதையே தம் தொழிலாகக் கொண்ட இவ்வறிஞர்கள்கூட, ஒன்பது இடங்களையும் ஒப்பிட விரும்பியபோது ஒரு பொது வினாப்பட்டியலைத் தயாரித்துக்கொள்ள நேர்ந்தது.

மீண்டும் புதுவைக் கடற்கரைக்கு வருவோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை ஆழிப்பேரலை வந்தது. புதுவை ஒன்றியப் பகுதியில் ஏறக்குறைய 600 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் காரைக்கால் கரையைச் சேர்ந்தவர்கள். நல்லவாடு மீனவர் ஊரில் வீடுகள் இடிந்தன, படகுகள் சிதறின. ஆனால் அவ்வூரில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினர். அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலைபார்த்து வந்தார். அங்கே நிலநடுக்கச் செய்தியை அறிந்து, அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் வருவதாக வீட்டார் சொன்னதும், உடனே எல்லோரும் வெளியேறுங்கள் என்றார். செய்தி அறிவு மையத்துக்கு ஓடிற்று. நாள்தோறும் அலை உயரம் சொல்லிவந்த அந்த ஒலிபெருக்கியில், ஊரை விட்டு ஓடும்படி அறிவித்தார்கள். அந்தக் குரலை நம்பிப் பழகிய மக்கள் ஓடினார்கள்.

'இணையம் ஓர் ஊரைக் காத்தது' என்று இதைச் சுருக்கிச் சொல்பவர் உண்டு. அது சரியன்று. எச்சரிக்கை வந்தது தொலைபேசியில், இணையத்தில் அன்று. 'இணையத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை' என்பதும் சரியன்று. நாள்தோறும் இணையத்திலிருந்து வந்த அலைக் கணிப்பைச் சொல்வதற்காக ஒலிபெருக்கி அங்கே இருந்தது. அதைக் கேட்டு நடக்கும் பழக்கமும் அதனாலேயே ஊரில் வேரூன்றியிருந்தது. புதுவைப் பல்கலைக்கழகத்திலோ வேறெங்கேனுமோ சமூகவியல் பயிலும் மாணவர் ஒருவர், அவ்வாண்டு நல்லவாட்டில் இணையப் பயன்பாடு எவ்வளவு என்று ஓர் அட்டவணை தயாரிக்க முற்பட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை எந்தக் கட்டத்தில் எழுதுவார்?